லால்பாக்கா, கப்பன் பார்க்கா? ஒரு காலைப்பொழுதுதான் கையில் இருக்கிறது என்றால்

பெங்களூருக்கு வரும் உறவினர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அந்தப் பெரிய பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறியா?" பெரிய பார்க் இரண்டு இருக்கிறதே, எதைச் சொல்கிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்து நானே முடிவு செய்துவிடுவேன்.

முதல் தடவை வருபவர் என்றால் லால்பாக். இதில் எனக்குத் தயக்கமே கிடையாது. 1760-இல் ஹைதர் அலி தொடங்கி, திப்பு சுல்தான் வெளிநாட்டுச் செடிகளை வரவழைத்து வளர்த்த தோட்டம். இப்போது 240 ஏக்கர். இதைப் பூங்கா என்பதைவிட மரங்களின் அருங்காட்சியகம் என்றே சொல்லலாம். ஒவ்வொரு மரத்தையும் நின்று பார்க்க வேண்டும். நம்மூர்ச் சந்தையில் 'பெங்களூர் கத்தரிக்காய்' என்று கேட்டு வாங்கும் சௌசௌ இருக்கிறதே, அதை இந்தப் பக்கம் கொண்டுவந்தவர் லால்பாக்கைக் கவனித்துவந்த ஜான் கேமரன்தான் என்பார்கள். என் அத்தையிடம் இதைச் சொன்னேன். கண்ணாடி மாளிகையைப் பார்த்ததைவிட இதற்குத்தான் அதிகம் வியந்தார்.

அந்தக் கண்ணாடி மாளிகைக்கு 1889-இல் அடிக்கல் நாட்டியவர் விக்டோரியா மகாராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டர். லண்டனின் கிரிஸ்டல் பேலஸை மனதில் வைத்துக் கட்டியது. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஒட்டி நடக்கும் மலர்க் கண்காட்சியின் மையம் இதுதான். கண்காட்சி நாட்களில் போகலாமா? விடுமுறை நாளில் மட்டும் வேண்டாம். பூவைவிட முன்னால் போகிறவர் முதுகைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

லால்பாக்கில் என் பார்வையில் முதலிடம் பாறைக்கு. வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். தேசியப் புவியியல் சின்னம். சாய்வாக, வழுக்காமல் ஏற முடிகிற பாறைதான். உச்சியில் பெங்களூரை நிறுவிய கெம்பெகௌடாவின் பெயரில் ஒரு கோபுரம் நிற்கிறது. காலை ஏழு மணிக்கு அங்கே உட்கார்ந்தால் நகரம் விழிப்பதைப் பார்க்கலாம். தோட்டத்துக்குள் ஒரு கல்மரமும் (கல்லாக மாறிய மரம்) உண்டு. சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை, வந்த ஊர் விழுப்புரம் பக்கத்துத் திருவக்கரை! நம்மூர்க்காரர் ஒருவரைச் சந்தித்த மாதிரி இருக்கும்.

இனி கப்பன் பார்க். 1870-இல் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கி அமைத்தது. முதலில் மீட்ஸ் பார்க், பிறகு கப்பன் பார்க், 1927 முதல் சாமராஜேந்திர பூங்கா. மூன்றாவது பெயரைச் சொல்லி ஆட்டோவில் ஏறிப் பாருங்கள், ஓட்டுநர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்.

இங்கே 'பார்க்க வேண்டியவை' என்று பட்டியல் போட்டால் பாதிக்குமேல் கட்டடங்கள்தான் வரும். பூங்காவின் விளிம்பில் சிவப்பாக நிற்கும் அட்டாரா கச்சேரி இன்று உயர் நீதிமன்றம். அட்டாரா என்றால் பதினெட்டு; ஒரு காலத்தில் 18 அரசுத் துறைகள் இருந்ததால் அந்தப் பெயர். உள்ளே இன்னொரு சிவப்புக் கட்டடம், சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம், இப்போது நூலகம். சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டிலிருந்து வந்து மைசூருக்குத் திவானாக இருந்த தமிழர். பிறகு விக்டோரியா சிலை. 1906-இல் திறந்துவைத்தவர் பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் ஆனவர், அதாவது கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டினாரே, அவருடைய தம்பி. அண்ணன் அங்கே, தம்பி இங்கே, பாட்டி நடுவில் சிலையாக.

ஆனால் கப்பன் பார்க்குக்கு நான் போவது இதற்கெல்லாம் இல்லை. மூங்கில் புதர் நிழலில் பாயை விரித்துப் படுப்பதற்கு. சனிக்கிழமை காலையில் முன்பின் தெரியாதவர்கள் கூடி, பேசாமல் ஆளுக்கொரு புத்தகம் படிக்கிறார்கள். நீங்களும் போய் உட்காரலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். லால்பாக்கில் இப்படிச் சும்மா கிடக்க எனக்கு வராது. 'அந்தப் பக்கம் இன்னும் பார்க்கவில்லையே' என்று மனசு அரிக்கும்.

குழந்தைகள் வந்தால் கப்பன் பார்க் ஒரு படி மேல். பால பவனும் பொம்மை ரயிலும் அங்கே. பக்கத்திலேயே விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம். பாறையும் பழைய மரமும் ஆறு வயதுப் பிள்ளையை அரை மணி நேரம்கூடப் பிடித்துவைக்காது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கும் கப்பன் பார்க் சுலபம், மேடு அதிகம் இல்லை. ஒரே குறை, பூங்காவைக் குறுக்கே வெட்டிப் போகும் சாலைகள். ஞாயிற்றுக்கிழமை வண்டிகளை விடுவதில்லை என்பதால் அன்றைக்குப் போவது நல்லது.

செலவு? கப்பன் பார்க்கில் நுழைவுக் கட்டணம் இல்லை. லால்பாக்கில் சீட்டு வாங்க வேண்டும், பெரிய தொகை இல்லை. இரண்டுக்கும் அதே பெயரில் மெட்ரோ நிலையம் உண்டு. லால்பாக் பச்சைத் தடம், கப்பன் பார்க் ஊதாத் தடம், மெஜஸ்டிக் நிலையத்தில் மாறிக்கொள்ளலாம்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் லால்பாக்குக்குப் போட்டியே இல்லை. லால்பாக் சாலையில் நடக்கும் தூரத்தில் எம்.டி.ஆர். உணவகம் இருக்கிறது. பாறையிலிருந்து நேராக அங்கே போய் ரவா இட்லி சொல்லுங்கள். ஞாயிறு காலை என்றால் காத்திருக்க வேண்டும், அதனால் பாறைக்குக் கொஞ்சம் சீக்கிரமே ஏறிவிடுங்கள்.