வீட்டுக் கணினிக்கு எந்த பேக்கப்: ஃபைல் ஹிஸ்டரியா, வீமா, டூப்ளிகாட்டியா?

சில வருடங்களுக்கு முன் என் லேப்டாப்பின் டிஸ்க் செத்தபோது என்னிடம் பேக்கப் இருந்தது. வாரம் தவறாமல் ஓடி, முடிந்ததும் பச்சை டிக் காட்டிக்கொண்டிருந்த பேக்கப். புது டிஸ்க் போட்டுவிட்டுத் திரும்ப எடுக்கப் போனால் அந்த ஃபைல் திறக்கவே இல்லை. அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்களில் இப்போது இருப்பவை, சொந்தக்காரர்களிடம் கேட்டு வாட்ஸப்பில் வாங்கியவை மட்டும்தான். அதிலிருந்து எந்த பேக்கப் மென்பொருள் கைக்கு வந்தாலும் முதல் வேலையாக ஒரு சோதனை ஃபோல்டரை அழித்துவிட்டு, அதைத் திரும்ப எடுக்க முடிகிறதா என்று பார்க்கிறேன். மற்ற வசதியெல்லாம் அப்புறம்.

இங்கே எடுத்துக்கொண்டவை விண்டோஸ் கணினிக்கானவை, மூன்றும் காசில்லாமல் கிடைப்பவை. மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. கணினியில் ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். அதன் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். இலவச இடமும் 5 ஜிபிதான். கைக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பி இருக்கக்கூடாது.

ஃபைல் ஹிஸ்டரி விண்டோஸ் 8-உடன் 2012-இல் வந்தது. விண்டோஸ் 11-இல் கண்ட்ரோல் பேனலுக்குள் போய்த்தான் தேட வேண்டும். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி ஆன் செய்துவிட்டால், மணிக்கு ஒருமுறை மாறிய ஃபைல்களை மட்டும் நகலெடுக்கும். நாமாக மாற்றாதவரை பழைய நகல்களை நாள் கணக்கு பார்த்து அழிக்காது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், நகல்கள் சாதாரண ஃபைல்களாகவே டிஸ்க்கில் இருக்கின்றன. பெயருக்குப் பின்னால் தேதியும் நேரமும் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். கணினியே போனாலும் டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகிப் படத்தைத் திறந்துவிடலாம். என் சோதனையில் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் தேறியது இதுதான்.

ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற வழக்கமான இடங்களை மட்டும்தான் இது தானாகப் பார்க்கும். நம்மில் பலர் படங்களையும் கணக்கு வழக்கையும் டி டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு வைக்கிறோம். அந்த ஃபோல்டரை விண்டோஸின் லைப்ரரியில் (பல இடத்து ஃபோல்டர்களை ஒன்றாகக் காட்டும் தொகுப்பு) சேர்த்தால்தான் அதன் கணக்கில் வரும். சேர்க்காவிட்டால் எச்சரிக்கை எதுவும் வராது. விண்டோஸையும் நிறுவிய மென்பொருள்களையும் இது தொடுவதே இல்லை.

அந்தக் குறையைத் தீர்ப்பது வீம் ஏஜென்ட். கணினி முழுவதையும் அப்படியே ஒரு பிம்பமாக எடுத்துவைக்கும். முதல் முறைக்குப் பிறகு மாறியதை மட்டும் சேர்க்கும். டிஸ்க் போனால், முன்பே தயாரித்து வைத்த மீட்பு பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பி, விண்டோஸ், பிரிண்டர் அமைப்பு, ஃபைல்கள் எல்லாவற்றையும் பழையபடி இறக்கலாம். ஒரே ஒரு ஃபைலை மட்டும் எடுக்கவும் வழி உண்டு. வெளி டிஸ்க்கைச் செருகியதும் தானாகத் தொடங்கி, முடிந்ததும் டிஸ்க்கைத் தானே துண்டிக்கும்படி அமைக்கலாம். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் பரவியபோது செருகியிருந்த வெளி டிஸ்க்குகளில் இருந்த ஃபைல்களையும் சேர்த்துத்தான் பூட்டியது. அதை நினைத்தால் இந்தத் துண்டிப்பு எவ்வளவு பெரிய வசதி என்று புரியும்.

இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். நாம் மாற்றாவிட்டால் கடைசி 7 நாள் நகல்களை மட்டும்தான் வைத்திருக்கும். இரண்டு வாரத்துக்கு முன் தெரியாமல் அழித்த ஃபைலைத் தேடினால் கிடைக்காது. டிஸ்க்கில் இடம் இருந்தால் 30 ஆக்கிவிடுங்கள். அடுத்து, அந்த பென்டிரைவைத் தயாரித்த அன்றே ஒருமுறை அதிலிருந்து கணினியைத் தொடங்கிப் பாருங்கள்.

இரண்டுமே டிஸ்க் வீட்டில் இருக்கும்வரைதான். திருட்டோ வெள்ளமோ கணினியையும் டிஸ்க்கையும் சேர்த்தே கொண்டுபோகும். டூப்ளிகாட்டி அதற்காக. ஃபைல்களைச் சிறு துண்டுகளாக்கி, நம் கணினியிலேயே ஏஇஎஸ்-256 என்ற குறியாக்க முறையில் பூட்டி, கூகுள் டிரைவ் போன்ற இடங்களுக்கு அனுப்பும். நேரம் பிடிக்கும்: அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால் 100 ஜிபிக்குப் பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். புதுக் கணினியில் மீட்கும்போது அது தன் தகவல் பட்டியலை முதலில் திரும்பக் கட்ட வேண்டும் என்பதால் அங்கேயும் பொறுமை தேவை. பாஸ்வேர்டை மறந்தால் யாராலும் திறக்க முடியாது. அதனால் எல்லாவற்றையும் இதில் ஏற்றாமல், போனால் திரும்பாதவற்றை மட்டும் ஏற்றுவது நல்லது.

இலவசம் நிலைக்குமா என்ற கேள்வியும் நியாயம்தான். பலரும் நம்பியிருந்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட் என்ற பேக்கப் மென்பொருளின் இலவசப் பதிப்புக்கான ஆதரவு 2024 தொடக்கத்தோடு நின்றுபோனது. அந்த வகையிலும் சாதாரண ஃபைல்களாகவே வைக்கும் ஃபைல் ஹிஸ்டரிதான் பயமில்லாதது.

ஒன்றே ஒன்றுதான் முடியும் என்பவர்களுக்கு நான் ஃபைல் ஹிஸ்டரியைத்தான் சொல்வேன், டி டிரைவைச் சேர்த்த பிறகு. அம்மாவின் கணினியில் அதுதான் ஓடுகிறது. வேலைக்கான என் கணினியில் வீம், கூடவே குடும்பப் படங்களுக்கும் பத்திரங்களின் ஸ்கேனுக்கும் மட்டும் டூப்ளிகாட்டி. அதன் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, ஒரு பிரதி பீரோவில் ரேஷன் கார்டு உறைக்குள்ளும் இன்னொன்று தங்கை வீட்டிலும் இருக்கிறது.