முதுகெலும்பு ஆபரேஷன் ஆன பெரியவர்களுக்கு எந்த வாக்கர் வாங்கலாம்?

எலும்பு முறிந்து முதுகில் சிமென்ட் வைத்துக்கொண்ட பெரியவர்கள் பலர், "அசைஞ்சா சிமென்ட் விட்டுப்போயிடும்" என்று கட்டிலோடு ஒட்டிக்கொள்வார்கள். முறிந்த எலும்புக்குள் ஊசி வழியாகச் செலுத்தும் அந்த சிமென்ட் (எலும்பைத் தாங்கும் மருத்துவக் கலவை) ஆபரேஷன் மேஜையிலேயே இறுகிவிடுகிறது. பெரும்பாலும் அன்றோ மறுநாளோ எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். (ஸ்க்ரூ, ராடு வைத்தவர்கள் சர்ஜன் சொல்கிறபடி.) படுத்தே கிடந்தால் தொடைச் சதை கரையும், எழுந்தால் கால் நடுங்கும், பயம் இன்னும் கூடும்.

சர்ஜிக்கல் கடையில் வாக்கர் கேட்டால் முதலில் கையில் தருவது சக்கரமே இல்லாத மடக்கு வாக்கர். எடை மூன்று கிலோ அளவுதான். ஆனால் தூக்கி வைக்கும் அந்த நொடியில் பிடிமானம் போய்விடுகிறது. பயந்தவர் அங்கேயே உறைந்து நிற்பார். இடமும் வலமும் மாறி மாறி நகரும் வகை இடுப்பைத் திருகும், முதுகுக்கு ஆகாது. நாலு சக்கர வண்டி ஓடிவிடும். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் இரண்டு ரப்பர் புஷ் (கால் நுனியில் மாட்டும் மூடி) உள்ளதற்கே எங்கள் ஓட்டு. தள்ளினால் நகரும், அழுத்தினால் நிற்கும்.

இதில் வரும் தொல்லை பெரும்பாலும் உயரத்தால். செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்புக்கு நேராகக் கைப்பிடி இருக்க வேண்டும். வாக்கர் காலில் உயரம் மாற்றும் பட்டன் ஓட்டைகள் ஏறக்குறைய அங்குலத்துக்கு ஒன்று. நாலு காலும் ஒரே ஓட்டையில் 'டக்' என்று விழுந்ததா என்று தடவிப் பாருங்கள். தாழ்வாக வைத்தால் கூன் போட்டு நடப்பார், முறிந்த எலும்பின் முன்பக்கம் பாரம் ஏறும், வலிக்கும். "பாத்தியா, அப்பவே சொன்னேன்ல" என்று திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வார். அப்புறம் எழுப்புவது பெரும்பாடு.

வாக்கரை இழுத்து எழக்கூடாது, சாய்ந்துவிடும். படுத்திருப்பவர் தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பி ஒருக்களித்து, காலைக் கீழே இறக்கிக்கொண்டே முழங்கையை ஊன்றி உட்கார வேண்டும். தலைசுற்றல் அடங்க ஒரு நிமிடம் பொறுத்து, மெத்தையை அழுத்தி எழுந்த பிறகுதான் கைப்பிடி. கட்டிலிலிருந்து நாற்காலி வரை முதலில். கிளம்பும்முன் "பயம் பத்துக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். ஏழு சொன்னவர் அதே தூரத்தை நாலைந்து தடவை நடந்து மூன்றுக்கு வந்தபின் பாத்ரூம் வாசல் வரை போகலாம். கூட வருபவர் பக்கவாட்டில் ஓரடி பின்னால் நிற்கட்டும்; கையைப் பிடித்து இழுப்பதும், அடிக்கொரு தரம் "பாத்து, பாத்து" என்பதும் பயத்துக்குத் தீனி.

கால் புதிதாக மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டினாலோ பயம் என்று தள்ளிவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நிலைப்படியில் சக்கரம் முட்டும், ஈர டைல்ஸில் புஷ் வழுக்கும். வாடகைக்கு எடுப்பதென்றால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். புஷ் தேய்ந்து அலுமினியம் எட்டிப்பார்த்தால் அங்கேயே புதுசு மாட்டச் சொல்லுங்கள்.