ஊரை விட்டுக் கிளம்பியவர்கள்: நான்கு நாவல்கள், நான்கு சாலைகள்

பிழைக்க வழியில்லாமல் ஒரு கிராமத்துக் குடும்பம் சட்டி பானைகளைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறது. எந்த மொழியின் நாவல்களை எடுத்தாலும் இந்தக் காட்சி எங்காவது வந்துவிடும். சரி, இதைப் பற்றி வாசிக்க நினைப்பவர் எதிலிருந்து தொடங்கலாம்? எனக்கு நான்கு நாவல்கள் முன்னால் நிற்கின்றன. ஜான் ஸ்டைன்பெக்கின் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ (1939). பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் ‘ரெட் டீ’ என்று எழுதி (1969), இரா. முருகவேள் தமிழில் தந்த ‘எரியும் பனிக்காடு’. வில்லியம் ஃபாக்னரின் ‘ஆஸ் ஐ லே டையிங்’ (1930). விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் ‘பதேர் பாஞ்சாலி’ (1929).

இவற்றை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது, எழுதியவர் வீட்டுக் கணக்கைக் காட்டுகிறாரா என்பதைத்தான். கையில் மிச்சம் எவ்வளவு, அடுத்த வேளைக்கு என்ன இருக்கிறது, யார் பசியில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்தார். கண்ணீரை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். இந்தக் கணக்கை எழுத வேண்டுமானால் அந்த வீட்டுக்குள் வாழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாழ்ந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டிருக்க வேண்டும்.

ஸ்டைன்பெக் கேட்டவர். 1936இல் ‘சான் பிரான்சிஸ்கோ நியூஸ்’ நாளிதழுக்காகக் கலிஃபோர்னியாவின் கூலி முகாம்களைச் சுற்றி வந்து தொடர் கட்டுரைகள் எழுதினார். நாவல் அங்கிருந்துதான் முளைத்தது. ஓக்லஹோமாவில் மண்ணும் புழுதியாகி, நிலமும் வங்கிக்குப் போய்விட்டது. ஜோட் குடும்பம் வண்டி, குதிரைகள், ஏர்ச் சாமான், தட்டுமுட்டு எல்லாவற்றையும் விற்கிறது. கிடைப்பது 18 டாலர். அப்பாவுக்கு அந்தத் தொகையைச் சொல்லவே நா எழவில்லை. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்திருக்கிறேன். ஒரு வாழ்நாள் உழைப்பை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவன் முன்னால், மறுத்துப் பேசக்கூட நேரமில்லாமல் நிற்கும் மனிதனை வேறு எங்கும் இவ்வளவு துல்லியமாக நான் வாசித்ததில்லை.

அப்புறம் பழைய ஹட்சன் காரை லாரியாக மாற்றிக்கொண்டு 66ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே போகிறார்கள். முதல் ராத்திரியே தாத்தா இறக்கிறார். முறைப்படி அடக்கம் செய்ய 40 டாலர் வேண்டும். கொடுத்தால் கலிஃபோர்னியா போய்ச்சேர முடியாது. இறந்தவர் யார், எப்படி இறந்தார் என்று ஒரு தாளில் எழுதி, புட்டிக்குள் போட்டு, உடலோடு சாலையோரத்தில் புதைக்கிறார்கள். பிறகு பாலைவனத்தைக் கடக்கும் இரவில் பாட்டியும் போய்விடுகிறாள். லாரி நின்றுவிடக் கூடாது என்று அம்மா யாரிடமும் சொல்லாமல் பிணத்தின் பக்கத்திலேயே விடியும்வரை படுத்துக்கொண்டு வருகிறாள். சாலை இந்த நாவலில் வெறும் பின்னணி இல்லை. ஒவ்வொரு நூறு மைலுக்கும் அது வீட்டில் ஓர் ஆளைக் கேட்கிறது.

இதற்கு நிகராக நிற்கக்கூடியது ‘எரியும் பனிக்காடு’. கருவும் ஏறக்குறைய ஒன்றே. அங்கே ஆள் தேவை என்று அச்சடித்த துண்டுக் காகிதம் ஆசை காட்டுகிறது. இங்கே தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி நேரில் வந்து ஆசை காட்டுகிறார். திருநெல்வேலிச் சீமையின் மயிலோடை கிராமத்தில் கருப்பனும் வள்ளியும் பஞ்சத்தில் கிடக்கிறார்கள். ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தால் நல்ல கூலி, நல்ல சாப்பாடு, கொஞ்ச காலத்தில் பணத்தோடு ஊர் திரும்பலாம் என்று சொல்லி முன்பணம் கொடுக்கிறார் மேஸ்திரி. அந்த முன்பணத்தில்தான் முழுக் கதையும் இருக்கிறது. வாங்கிய நாளில் அது உதவி. மலையேறிய பிறகு அது சங்கிலி. கூலியில் பிடித்தம் போகப் போக, கடன் அங்கேயே நிற்கிறது. கடன் தீராமல் இறங்கவும் முடியாது.

ஜோட் குடும்பத்தின் சாலை முன்னால் போய்க்கொண்டே இருக்கிறது. ஏமாந்தாலும் அடுத்த முகாம், அடுத்த பழத்தோட்டம் என்று நகர்கிறார்கள். கருப்பனுக்கும் வள்ளிக்கும் வாய்த்த பாதை ஏறுவதற்கு மட்டுமே உள்ளது. ஏறியதும் பின்னால் கதவு சாத்தப்படுகிறது. அட்டை, குளிர், மலேரியா, துரைமார், எல்லாம் அந்தச் சாத்திய கதவுக்கு உள்ளே. ஊர் நினைப்பு வரும்போதெல்லாம் வாசிக்கிற நமக்கும் மூச்சு முட்டுகிறது. 1900 முதல் 1930கள் வரையிலான காலத்தைச் சொல்லும் இந்நாவலை எழுதியவர் ஒரு மருத்துவர். 1940களில் அதே தோட்டங்களில் பணியாற்றி, பழைய தொழிலாளர்கள் சொல்லக் கேட்டவர். நோய் எப்படி ஒரு லயத்திலிருந்து (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) அடுத்த லயத்துக்குப் பரவுகிறது என்பதை அவர் எழுதும்போது பார்த்த கண் தெரிகிறது.

எழுத்தாக மட்டும் பார்த்தால் ஸ்டைன்பெக் ஒரு படி மேலே. டேனியலின் மனிதர்கள் சில இடங்களில் நல்லவர், கெட்டவர் என்று இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். பின்பகுதியில் மருத்துவர் ஆபிரகாம் வந்த பிறகு கதையின் கண் தொழிலாளியிடமிருந்து அவர் பக்கம் நகர்வதையும் மறைக்க வேண்டியதில்லை. (இந்நாவலைத் தழுவிய பாலாவின் ‘பரதேசி’ படத்தில் வரும் மருத்துவரை வைத்து இந்த ஆபிரகாமை எடைபோடாதீர்கள். நாவலில் அவர் முற்றிலும் வேறு மனிதர்.) ஸ்டைன்பெக்கிடமும் குறை உண்டு. குடும்பத்தின் கதைக்கு நடுநடுவே பொதுவான அத்தியாயங்கள் வருகின்றன. அவற்றில் சில மேடைப் பேச்சாகிவிடுகின்றன. ஆனால் அதே வகை அத்தியாயம் ஒன்றில்தான் சாலையோரச் சாப்பாட்டுக்கடைக் காட்சியும் வருகிறது. 15 சென்ட் ரொட்டியைப் பத்து சென்ட்டுக்குக் கொடுத்துவிட்டு, ஒன்று ஐந்து சென்ட் விற்கும் மிட்டாயை இரண்டு ஒரு சென்ட் என்று பொய் சொல்லி, ரொட்டி வாங்க வந்த ஏழையின் பையன்களுக்குக் கொடுக்கிறாள் கடைக்காரி. அந்த ஒரு பொய்க்காக மற்றப் பிரசங்கங்களை எல்லாம் மன்னிக்கலாம்.

இருந்தாலும் தமிழ் வாசகர் ஒருவர் என்னிடம் முதலில் எதை எடுக்க என்று கேட்டால் ‘எரியும் பனிக்காடு’ என்றுதான் சொல்வேன். நம் தாத்தா பாட்டி தலைமுறை நடந்த பாதை அது. முருகவேளின் தமிழில் மொழிபெயர்ப்பு வாடை அடிக்காமல், அந்த மனிதர்கள் தங்கள் சொந்த மொழிக்குத் திரும்பி வந்ததுபோல இருக்கிறது.

ஃபாக்னரின் நாவல் வேறு ஜாதி. இங்கே பயணம் பிழைப்புக்காக இல்லை. ஆடி பண்ட்ரன் என்ற தாய் இறந்துபோகிறாள். தன்னை ஜெஃபர்சன் நகரில் தன் பிறந்தவீட்டார் இருக்கும் மண்ணில் புதைக்க வேண்டும் என்று வாக்கு வாங்கியிருந்தாள். புருஷனும் பிள்ளைகளும் கோவேறு கழுதை வண்டியில் பெட்டியை ஏற்றிக் கிளம்புகிறார்கள். வெள்ளத்தில் பாலங்கள் போய்விட்டன. ஆற்றில் இறங்கியதில் கழுதைகள் மூழ்குகின்றன, மூத்த மகனின் கால் முறிகிறது. நாளாக ஆக, தலைக்கு மேல் கழுகுகள் வட்டமிடுகின்றன. இதை 15 பேர் மாற்றி மாற்றி, 59 பகுதிகளில் சொல்கிறார்கள். கடைசிப் பையன் சொல்லும் ஒரு பகுதியில் ஒரே ஒரு வாக்கியம்தான்: தன் அம்மா ஒரு மீன் என்கிறான்.

முதல் ஐம்பது பக்கம் யார் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசுகிறார் என்றே பிடிபடாது. அதில் பயந்து நிறுத்தியவர்கள் பலர், நானும் ஒருமுறை நிறுத்தினேன். இரண்டாம் முறை ஒரு தாளில் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு தொடங்கியபோது கதவு திறந்தது. என் அளவுகோலில் இது எங்கே நிற்கிறது? மிக உயரத்தில். முறிந்த காலுக்கு மருத்துவரிடம் போகக் காசு செலவாகும் என்று சிமென்ட்டைக் கரைத்து ஊற்றிக் கட்டுகிறார்கள். வறுமை, கஞ்சத்தனம், அறியாமை மூன்றும் பிரிக்க முடியாமல் ஒன்றாகக் கிடக்கும் இடம் அது. ஏழைகளை நல்லவர்களாக மட்டுமே பார்க்கப் பழகிய நமக்கு, தகப்பன் ஆன்ஸ் பண்ட்ரன் ஓர் அதிர்ச்சி. மனைவியின் வாக்கைக் காப்பாற்றக் கிளம்பியவர் மனசில் தனக்குப் பல்செட் வாங்கும் ஆசையும் இருக்கிறது.

நான்காவது, ‘பதேர் பாஞ்சாலி’. பெயரிலேயே பாதை இருக்கிறது, ஆனால் முக்கால் நாவலும் நிச்சிந்திபுரம் என்ற ஒரே கிராமத்தில்தான். ஹரிஹர் என்ற ஏழைப் புரோகிதர், அவர் மனைவி சர்போஜயா, பிள்ளைகள் துர்கா, அப்பு. வீட்டில் இல்லாததை அந்தப் பிள்ளைகள் காட்டில் தேடித் தின்கிறார்கள். அதைப் படிக்கும்போது பட்டினி என்றே முதலில் தோன்றாது, விளையாட்டு என்றுதான் தோன்றும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைக்கும். வீட்டுக் கணக்கைக் குழந்தையின் கண் வழியாகக் காட்டியதில் இவரை யாரும் நெருங்கவில்லை.

சத்யஜித் ராயின் 1955 படத்தைப் பார்த்தவர்களுக்கு நாணல் பூக்களுக்கு நடுவே அக்காவும் தம்பியும் ரயில் பார்க்கும் காட்சி மறக்காது. நாவலில் அவர்கள் சேர்ந்து ரயிலைப் பார்ப்பதே இல்லை. தேடி ஓடி, வழி தெரியாமல் திரும்புகிறார்கள். பின்னால் காய்ச்சலில் கிடக்கும் துர்கா, தனக்கு ஒருநாள் ரயில் காட்டுவாயா என்று தம்பியிடம் கேட்கிறாள். அது நடக்கவில்லை. படத்தின் காட்சி அழகு, நாவலின் இல்லாத காட்சி அதைவிடக் கனம். குடும்பம் கிராமத்தை விட்டுப் போவதோடு படம் முடிகிறது. நாவல் அவர்களோடு காசி வரை போய், ஊருக்குத் திரும்ப ஏங்கும் அப்புவிடம் பாதையின் தெய்வமே பேசுவதாக முடிகிறது.

வேகமான கதை வேண்டுபவருக்கு இது ஒத்துவராது. மெதுவாகத்தான் நகரும். கொங்குக் கிராமத்தை ‘நாகம்மாள்’ (1942) நாவலில் எழுதிய ஆர். சண்முகசுந்தரமே இதைத் தமிழாக்கியிருக்கிறார். கிராமத்தை உள்ளிருந்து எழுதத் தெரிந்த கை தொட்டது நமக்குக் கிடைத்த பேறு.

தமிழிலேயே எழுதப்பட்டவற்றில் இரண்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். பூமணியின் ‘வெக்கை’ (1982) தப்பி ஓடுகிறவர்களின் பயணம். கொலை செய்துவிட்ட 15 வயதுச் சிதம்பரமும் அவன் அய்யாவும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். கையில் கிடைத்ததைச் சமைத்துத் தின்பதும், தகப்பனும் மகனும் பேசிக்கொள்வதும் அத்தனை இயல்பு. இந்தப் பட்டியலில் ஒரே மூச்சில் படித்து முடிக்கக்கூடியது இதுதான். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே நடந்து வந்த ஒரு கூட்டத்தின் நினைவு. 137 வயது மங்கத்தாயார் அம்மாள் சொல்லச் சொல்ல விரிகிறது. அதில் கஷ்டம் கதையாகப் பழுத்துவிட்டது. ஆற்றைக் கடக்க மரமே வளைந்து கொடுக்கிறது. கணக்கைத் தேடுபவருக்கு இதில் கிடைப்பது குறைவு, கேட்கும் சுகம் அதிகம்.

ஆக, முதலில் ‘எரியும் பனிக்காடு’. அது முடிந்த சூட்டோடு ஸ்டைன்பெக்கை எடுத்தால் மேஸ்திரியின் வாக்குறுதியும் அந்தத் துண்டுக் காகிதமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுபோலத் தெரியும். ‘பதேர் பாஞ்சாலி’யை மழைக்கால விடுமுறைக்கு ஒதுக்குங்கள், அவசரமாகப் படித்துக் கெடுக்க வேண்டாம். ஃபாக்னரைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம், பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும்.