பெட் பாட்டில் ஃபிளேக்ஸ்: நாருக்கா, மறுபடி பாட்டிலுக்கா?

இந்தியாவின் 2022 பிளாஸ்டிக் கழிவு விதித் திருத்தப்படி, பாட்டில், டப்பா போன்ற கெட்டி பேக்கேஜிங்கில் மறுசுழற்சிப் பொருளின் இலக்கு 2025-26இல் 30 சதவீதம், 2028-29இல் 60. பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலை அரைத்து ஃபிளேக்ஸ், அதாவது செதில்களாக்கும் சிறு ஆலைக்காரர்கள், அதைத் துணிக்கான பாலியஸ்டர் நாராக்கக் கொடுப்பதா, மறுபடி பாட்டிலாக்கக் கொடுப்பதா என்று தவிக்கிறார்கள்.

முதலீடு
நார்: அரைவை, சூடான காஸ்டிக் சோடா கழுவல், உலர்த்தி போதும்.
பாட்டில்: உணவுத் தரத்துக்கு மாசு நீக்கும் இயந்திரம், உணவுப் பாதுகாப்பு ஆணைய அனுமதி. பெரிய பணம்.

சரக்கு
நார்: பச்சை பாட்டிலும் ஓடும்.
பாட்டில்: பெரும்பாலும் நிறமற்றதே வேண்டும். உண்மையான தலைவலி இதுதான். பிவிசி என்ற வேறு பிளாஸ்டிக் லேபிளின் துண்டுகள் கொஞ்சம் கலந்து உருகலில் கருகினாலே கிரானுல்ஸ் (உருக்கி எடுக்கும் குருணை) மஞ்சளடிக்கும். தரம் பிரிக்கும் மேசையில் நிற்பவர்களின் கண்ணை நம்பித்தான் எல்லாம். அவர்களுக்குக் கூலியைக் கூட்டிக் கொடுங்கள்.

சந்தை
நார்: புது பாலியஸ்டர் விலையோடு ஏறி இறங்கும்.
பாட்டில்: விதியே வாங்க வைக்கிறது. விதி தளர்ந்தால் அடியும் இங்கேதான்.

கலப்புச் சரக்கும் கைமுதலும் மட்டும் இருந்தால் நாரே சரி. நிலையான பாட்டில் வரத்தும் கடன் தாங்கும் வலுவும் இருந்தால் பாட்டிலுக்குப் போகலாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் முதலில் கழுவல் வரிசையைச் சீராக்கி, சுத்தமான ஃபிளேக்ஸைப் பெரிய ஆலைக்கு விற்கட்டும்.