பென்னாகரமும் மண்ணாடிப்பட்டும்: முழு மாநிலம், யூனியன் பிரதேசம் – ஓர் ஒப்பீடு

2011 கணக்குப்படி தருமபுரி மாவட்டத்தில் 15.07 லட்சம் பேர். தொகுதிகள் ஐந்து: பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர். புதுச்சேரியில் அதே கணக்கில் 12.48 லட்சம் பேர்தான், ஆனால் தொகுதிகள் 30. பென்னாகரம் எம்.எல்.ஏ.வுக்குச் சராசரியாக 3 லட்சம் பேர், மண்ணாடிப்பட்டு எம்.எல்.ஏ.வுக்கு 41 ஆயிரம் சொச்சம். தெருவிளக்கு எரியவில்லை என்று கதவைத் தட்ட அங்கேதான் வசதி. தட்டிய பிறகு கோப்பு எங்கே போய் நிற்கிறது என்பதில்தான் சங்கதியே.

தமிழ்நாட்டில் அமைச்சரவை சொன்னால் ஆளுநர் பொதுவாக அதன்படியே நடக்க வேண்டும். புதுச்சேரிக்கு 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுகள் சட்டம். அதன் 44ஆவது பிரிவின்படி, அமைச்சர்களோடு துணைநிலை ஆளுநருக்குக் கருத்து வேறுபாடு வந்தால் விஷயம் குடியரசுத் தலைவருக்குப் போகும். நடைமுறையில் டெல்லி உள்துறை அமைச்சகத்துக்கு. அவசரம் என்று துணைநிலை ஆளுநர் கருதினால், பதில் வரும்வரை தாமே உத்தரவிடலாம். இலவச அரிசித் தகராறு இப்படித்தான் முற்றியது. அரிசியாகவே கொடுக்க வேண்டும் என்றது அமைச்சரவை. பணமாக வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்றார் அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி. டெல்லி 'பணம்' என்றது. 2020இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. பாலக்கோடு ரேஷன் கடையில் அரிசியா பணமா என்பதைக் கிண்டி ஆளுநர் மாளிகை முடிவு செய்ய முடியாது.

அதற்காக மாநிலம் என்றால் தடையே இல்லை என்று எண்ண வேண்டாம். மசோதாக்கள் ஆளுநரிடம் முடங்கிக் கிடந்து, தமிழ்நாடு உச்ச நீதிமன்றப் படி ஏறிய கதை ஊரறிந்தது. ஆனால் தமிழ்நாட்டில் முட்டுவது மசோதா; புதுச்சேரியில் அன்றாடக் கோப்பே முட்டுகிறது.

சட்டமன்றத்திலும் ஓட்டை உண்டு. 30 உறுப்பினர்களுக்கு மேல் 3 பேரை மத்திய அரசு நியமிக்கலாம். உள்ளூர் அமைச்சரவையைக் கேட்கத் தேவையில்லை, நம்பிக்கை வாக்கெடுப்பிலும் அவர்கள் வாக்களிக்கலாம் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் நாராயணசாமியின் அரசு கவிழ்ந்த அன்று ஆளும் தரப்பில் 12 பேர், எதிர்த் தரப்பில் 14. அந்த 14இல் மூவர் நியமன உறுப்பினர்கள். அவர்களைக் கழித்துவிட்டு எண்ணிப் பாருங்கள்.

பணத்தில் இடைவெளி இன்னும் பெரிது. மாநிலங்களுக்கு நிதிக்குழு உண்டு. 2021-26 காலத்தில் பகிர்வுக்குரிய மத்திய வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு. அதில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம். குறைவு என்று சண்டை போடலாம், ஆனால் கணக்கு வெளிப்படை, கிடைப்பது உரிமை. புதுச்சேரி இந்தப் பந்தியிலேயே இல்லை. மத்திய பட்ஜெட்டில் உள்துறை வழியாக வரும் மானியம்தான். 2007இல் மத்திய அரசின் கணக்கிலிருந்து பிரித்துப் புதுச்சேரிக்குத் தனிக் கணக்கும் தொடங்கியாயிற்று. தனிக்குடித்தனம் வைத்துவிட்டு, படி அளப்பது மட்டும் பெரியவர் இஷ்டம் என்கிற கதை.

சில்லறை வித்தியாசங்களும் உண்டு. மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 இடம், புதுச்சேரிக்கு 1. குடியரசுத் தலைவர் தேர்தலில் நம் எம்.எல்.ஏ.வின் வாக்கு மதிப்பு 176, அங்கே 16. தருமபுரியில் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது: புதுச்சேரிக்குச் சொந்தத் தேர்வாணையம் கிடையாது.

சரி, மாநிலமாக மாறுவது எப்படி? மாவட்டம் பிரிப்பது போல இல்லை. சேலத்திலிருந்து 1965இல் தருமபுரியையும், தருமபுரியிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரியையும் பிரிக்க மாநில அரசே போதுமானதாக இருந்தது. மாநிலத்துக்கு அரசியலமைப்பின் 3ஆவது பிரிவு: குடியரசுத் தலைவரின் பரிந்துரையோடு நாடாளுமன்றத்தில் மசோதா வர வேண்டும். சாதாரணப் பெரும்பான்மை போதும். கோவா 1987இல் இப்படித்தான் மாநிலமானது. 2019இல் ஜம்மு காஷ்மீர் யூனியன் பிரதேசமாகக் கீழிறங்கியதும் இதே கதவு வழியாகத்தான்.

இதில் பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. மாநிலத்தின் எல்லையையோ பெயரையோ பரப்பையோ தொடுவதானால் அந்தச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டாக வேண்டும். யூனியன் பிரதேசத்துக்கு அந்தக் கட்டாயம்கூட இல்லை. மாநில அந்தஸ்து கேட்டுப் புதுச்சேரிச் சட்டமன்றம் திரும்பத் திரும்ப நிறைவேற்றும் தீர்மானங்கள், சட்டத்தின் கண்ணில் வெறும் விண்ணப்பங்கள்.