21 நாள் கணக்கு: றோட்டு வேலையில் நிரந்தரமா, கொந்தராத்தா, மேசனுக்குக் கையாளா?

மட்டக்களப்புப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு பெடியன், வயசு இருபத்து மூன்று. போன வருசம் சித்திரையிலிருந்து ஒரு கொந்தராத்துக்காரரிடம் (ஒப்பந்தக்காரரிடம்) றோட்டு வேலை. நாளுக்கு 2,800 ரூபா கைக்காசு. மாகாண வீதித் திணைக்களத்தில் நிரந்தரத் தொழிலாளியாக இருக்கிற அவனுடைய மாமாவைப் பார்த்து ஒருநாள் சிரித்தானாம்: “உங்களுக்கு ஒரு மாதத்துக்கு வாறத நான் மூணு கிழமையில எடுத்திருவன்.” மாமா சொன்ன பதில் ஒரே வரி: “மழை வரட்டும் மனே.”

இரண்டு பேருக்கும் வேலை ஒன்றுதான். குழி அடைக்கிறது, கான் (வடிகால்) துப்புரவு, ஓரத்துப் புல் வெட்டுறது, சல்லி பரப்பித் தார் ஊற்றுகிறது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. கல்லடி தாண்டி கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று போகிற ஏ-4 அந்த வகை. சி, டி தர வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கு. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் நடுவே போகிற கிறவல் றோட்டுகளில் பெரும்பாலானவை பிரதேச சபைகளின் தலையில். இந்த மூன்று இடத்திலும் நிரந்தர ஆட்கள் கொஞ்சம். பெரிய வேலை என்றால் கொந்தராத்து. ஆகவே ஒரே குழியை ஒரு மாதம் அரசாங்கச் சம்பளக்காரனும் மறு மாதம் நாட்கூலிக்காரனும் அடைப்பார்கள்.

முதலில் நிரந்தரம். ஆரம்ப நிலைத் தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளம் 24,250 ஆக இருந்தது. 2025 வரவு செலவுத் திட்டம் அதை 40,000 ஆக்கியது. கேட்க 15,750 ரூபா கூட்டின மாதிரி. ஆனால் அதற்குள் ஏற்கெனவே கொடுத்துவந்த 7,500 ரூபா கொடுப்பனவுகளும் கரைந்துவிட்டன. கைக்கு உண்மையாகக் கூடினது 8,250. அதுவும் ஒரே அடியாக இல்லை, 2025 சித்திரையில் தொடங்கி 2027 தை வரைக்கும் படிப்படியாக. வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு 17,800. முழுவதும் வந்து சேரும்போது மாதம் 57,800, கழிவுகளுக்கு முதல்.

கொந்தராத்தில் ஆம்பிளைக்கு 2,500 தொடக்கம் 3,000 வரை போகிறது. பெண்களுக்கு அதே வெயில், சல்லி சுமக்கிற அதே தாச்சி, கூலி மட்டும் ஐந்நூறு, அறுநூறு குறைவு. கேட்டால் “பாரம் தூக்க ஏலாதே” என்பார்கள். சல்லித் தாச்சி என்ன பஞ்சா? சட்டப்படியான ஆகக் குறைந்த நாட்சம்பளம் 2026 தை தொடக்கம் 1,200 ரூபா, மாதத்துக்கு 30,000. 2024இல்தான் அது 500இலிருந்து 700க்கு வந்தது, 2025 சித்திரையில் 1,080. இங்கே அந்தச் சட்டத்தை யாரும் நினைக்கிறதே இல்லை, ஆம்பிளைக்குச் சந்தைக் கூலி அதன் இரண்டு மடங்குக்கு மேல் நிற்கிறதால்.

57,800ஐ 2,800ஆல் வகுத்துப் பாருங்கள். 20.6 வரும். மாதத்தில் 21 நாள் வேலை கிடைத்தால் கொந்தராத்துக்காரன் நிரந்தரக்காரனைத் தாண்டுவான். 20 நாள் என்றால் பின்னுக்கு. பெடியன் சிரித்தது வைகாசியில். அந்த மாதம் அவனுக்கு 24 நாள் வேலை, 67,200 ரூபா. சிரிக்காமல் என்ன செய்வான்?

மட்டக்களப்பில் மழை வருசம் முழுக்கப் பங்கிட்டுப் பெய்கிறதில்லை. ஐப்பசியில் தொடங்கி தை வரைக்கும் கொட்டுகிற வடகீழ் பருவ மழைதான் எங்களுக்குப் பெரும்பங்கு. ஈரத்தில் தார் பிடிக்காது. கிறவலில் ரோலர் இறங்கினால் ரோலரை இழுக்க இன்னொரு வாகனம் வேண்டும். றோட்டு உடைகிறது அந்த மாதங்களில்தான், றோட்டு வேலை நிற்கிறதும் அதே மாதங்களில்தான். மற்ற எட்டு மாதத்துக்கு மாதம் 22 நாள், மழை நாலு மாதத்துக்கு 9 நாள் என்று தாராளமாகவே போட்டேன். 212 நாள். 2,800ஆல் பெருக்கினால் 593,600. நிரந்தரக்காரனுக்கு வருசத்துக்கு 693,600. சரியாக ஒரு இலட்சம் இடைவெளி. நானும் இவ்வளவு நேராக வரும் என்று நினைக்கவில்லை.

கொந்தராத்தில் இன்னொரு ஓட்டை, பில். திணைக்களத்தில் பில் பாஸாகவில்லை என்றால் கொந்தராத்துக்காரர் கையை விரிப்பார். 2022 நெருக்கடியில் கட்டுமானக் கொந்தராத்துக்காரர்களுக்கு அரசாங்கக் காசு நாட்கணக்காக இல்லை, மாதக்கணக்காக இழுபட்டது. கடைசியில் அந்த இழுபறி வந்து விழுந்தது கூலிக்காரன் வீட்டுக் கடைக் கொப்பியில். ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) என்று தொழிலாளியிடம் 8, முதலாளி 12 வீதம் போட வேண்டும். நாட்கூலிக்குப் போடுகிற கொந்தராத்துக்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இனிச் செலவுப் பக்கம். நாலு பேர் உள்ள வீடு, மாதத்துக்கு 35 கிலோ நாட்டரிசி. 2024 மார்கழியில் வைத்த கட்டுப்பாட்டு விலை கிலோ 230, 8,050 ரூபா. நாளுக்கு ஒரு தேங்காய், 180 என்று போட்டால் 5,400. காஸ் சிலிண்டர் ஒன்று 2025இல் 3,690, அது கொழும்பு விலை, இங்கே வந்து சேர இன்னும் ஏறும். மோட்டார் சைக்கிளுக்கு நாளுக்கு அரை லீற்றர், 26 நாள், 2025 கடைசியில் இருந்த மாதிரி லீற்றர் ஏறத்தாழ 295 படி 3,835. கூட்டினால் கிட்டத்தட்ட 21,000. இன்னும் மீன் வாங்கவில்லை. பால்மா, ரியூசன், கரண்ட், கலியாணத்துக்குப் போனால் கொடுக்கிற காசு, கிழமை தவறாமல் வாசலுக்கு வருகிற நுண்கடன் தவணை, எதுவும் இதற்குள் இல்லை.

தொகைமதிப்புத் திணைக்களத்தின் வறுமைக் கோடு 2025இல் ஆளுக்கு மாதம் 16,000 ரூபாவுக்குச் சற்று மேலே. நாலு பேருக்கு 64,000க்கு மேல். ஒருத்தர் மட்டும் உழைக்கிற வீடு என்றால் நிரந்தரக்காரனின் முழுச் சம்பளமும் அதைத் தொடவில்லை. பெடியனின் சராசரி மாதத்துக்கு 49,466, தொடுகிற கிட்டடியிலும் இல்லை. மாமா வீட்டில் மாமி பாய் இழைத்து விற்கிறா, அதனால் இழுபடுகிறது.

ஆனால் மாமாவிடம் ஒரு கடதாசி இருக்கிறது, சம்பளச் சீட்டு. அதை வைத்து, அரசாங்க ஊழியருக்குக் கொடுக்கிற இடர் கடனை நூற்றுக்கு 4.2 வருச வட்டிக்கு எடுக்கலாம். வங்கியில் மற்றவனுக்குப் பிணை நிற்கலாம். ஊரில் யாராவது லோன் போடப் போனால் முதலில் தேடுவது அந்தச் சீட்டுள்ள ஆளைத்தான். மாமா சந்தியில் தேத்தண்ணி குடிக்கவே பயப்படுகிறார். பெடியனுக்கு அதே காசு தேவைப்பட்டால் நுண்கடன்தான், அதன் வட்டி பல மடங்கு. இந்த வித்தியாசத்தை மாதச் சம்பளத்தோடு கூட்டிப் பார்க்காதவர்கள்தான் “கொந்தராத்தில காசு கூட” என்கிறார்கள்.

நிரந்தரம் நல்லது என்று சொல்லி முடித்துவிடலாம், இடம் இருந்தால். 2022க்குப் பிறகு ஆட்சேர்ப்பை இறுக்கிப் பிடித்துவிட்டார்கள். ஒரு தொழிலாளி ஓய்வு பெற்றால் அந்தக் கதிரை பெரும்பாலும் அப்படியே காற்று வாங்குகிறது. ஆகவே பெடியனுக்கு முன்னால் உண்மையாக இருக்கிற தெரிவு கொந்தராத்தும் மேசன் வேலையும்தான்.

வயல் வேலையைச் சொல்லவே வேண்டாம். வெட்டு மெஷின் வந்தபிறகு அது சில நாள் கூத்து. மேசனுக்குக் கையாள் போனால் 3,000. அதே 212 நாள் என்றாலும் மாதம் 53,000, றோட்டை விட மூவாயிரத்து ஐந்நூறு கூட. மழையிலும் உள்பூச்சு வேலை கிடைக்கும். நூற்றைம்பது பாகைக்குக் கிட்டக் கொதிக்கிற தாருக்குப் பக்கத்தில் ரப்பர் செருப்போடு நிற்கத் தேவையில்லை. எல்லாவற்றையும் விட, மூன்று நாலு வருசத்தில் கரண்டி பிடிக்கிற கை மேசன் கையாகும். தாச்சி பிடிக்கிற கை பத்து வருசம் போனாலும் தாச்சிதான். நான் பெடியனாக இருந்தால் கரண்டிப் பக்கம் போயிருப்பேன்.

இந்தத் தை மாதம் பெடியனைக் கண்டேன். மார்கழியில் ஏழு நாள் வேலையாம். நகக்கண்ணில் தார் இன்னும் இருந்தது, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மோட்டார் சைக்கிள் லீசிங் இரண்டு மாதம் பாக்கி. மாமாவிடம் பிணை கேட்கப் போய்க்கொண்டிருந்தான்.