குடியாத்தத்துப் பம்பையும் ரீப்பர் மென்பொருளும்: வீட்டிலேயே பதிந்த எங்கள் முதல் ஆல்பம்

வேலூர் சத்துவாச்சாரியில், பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து மூன்று தெரு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு வீட்டின் மாடியறையில் எங்கள் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தை நாங்களே பதிந்து, நாங்களே மிக்ஸிங்கும் செய்து முடித்திருக்கிறோம். குழுவில் ஐந்து பேர். ஆல்பத்தில் எட்டுப் பாடல்கள். ஏழு மாத உழைப்பு. கிடார், பேஸ், கீபோர்டு, குரல் ஆகியவற்றோடு மூன்று பாடல்களில் பம்பை என்ற இரட்டைத் தோல் கருவியும் உண்டு. பதிவின் முதல் நாள் தொடங்கி இறுதிக் கோப்பு வரை எல்லா வேலையையும் ரீப்பர் என்ற ஒரே மென்பொருளில் செய்தோம். வீட்டில் ஆல்பம் பதிய நினைக்கும் எங்களைப் போன்ற குழுக்களுக்கு அது எந்த அளவுக்கு உதவும் என்பதை, நாங்கள் பட்டறிந்ததை வைத்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் விலை. வின்ஆம்ப் என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருளை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கலின் காக்கோஸ் நிறுவனம்தான் ரீப்பரையும் வெளியிடுகிறது. 60 நாள்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் முழு மென்பொருளையும் பயன்படுத்திப் பார்க்கலாம். அதன்பின் தனிப்பயனுக்கும், இசைவழி ஆண்டு வருமானம் 20,000 டாலரைத் தாண்டாதவர்களுக்கும் உரிமத்தின் விலை 60 டாலர். மற்றவர்களுக்கு 225 டாலர். 7ஆம் பதிப்புக்கு வாங்கும் உரிமம் 8ஆம் பதிப்பு முடியும்வரை செல்லும். ஐந்து பேரும் பங்கு போட்டுக்கொண்டதால் ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் ஆயிற்று. 60 நாள் கடந்த பிறகும் மென்பொருள் பூட்டிக்கொள்வதில்லை. திறக்கும்போது ஒரு நினைவூட்டல் மட்டுமே வரும். அதைச் சாக்காக வைத்துப் பணம் கட்டாமலே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு குறைந்த விலையில் இவ்வளவு முழுமையான கருவியைத் தருகிறவர்களுக்கு உரிய காசைக் கொடுத்துவிடுவதே முறை என்று நான் நினைக்கிறேன்.

எங்களிடம் இருந்தது 8 ஜிபி நினைவகம் கொண்ட பழைய லேப்டாப். பதியும்போது பஃபரை, அதாவது ஒலியைக் கணினி ஒரு தடவைக்கு எவ்வளவு சேர்த்துக் கையாளும் என்ற அளவை, 128 சாம்பிளில் வைத்தோம்; 48 கிலோஹெர்ட்ஸில் அது மூன்று மில்லிவினாடிக்கும் குறைவு என்பதால், பாடுகிறவருக்குத் தம் குரல் ஹெட்ஃபோனில் பிந்தி வருவதாகத் தோன்றவில்லை. மிக்ஸிங் செய்யும்போது அதை 1024க்கு உயர்த்திவிட்டால் லேப்டாப் மூச்சுத் திணறுவதில்லை. பாடல் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பாகவே சேமிக்கப்படுவதால் அதன் அளவு மிகச் சிறியது. ஒலிக் கோப்புகளை ஒருமுறை எல்லோரும் நகலெடுத்துக்கொண்டோம். அதன் பிறகு செய்த திருத்தங்களை வாட்ஸ்அப் வழியாகவே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம்.

இனி பம்பைக்கு வருகிறேன். எங்கள் ஆல்பத்தின் உயிரும் அதுதான், இந்த மென்பொருளின் அருமையை நாங்கள் உணர்ந்த இடமும் அதுதான். மரத்தால் ஒன்றும் பித்தளையால் ஒன்றுமாக இரண்டு உருளைகளைச் சேர்த்துக் கட்டி, இடுப்பருகே தொங்கவிட்டு வாசிக்கும் இந்தக் கருவி வட ஆர்க்காட்டு அம்மன் திருவிழாக்களின் குரல். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாளில் நடக்கும். அது முடிகிறவரை எங்கள் பம்பைக் கலைஞருக்கு ஒரு நாள்கூட ஒழிவில்லை. திருவிழா முடிந்த மறுவாரம் அவர் மாடியேறி வந்தார். ஹெட்ஃபோனை மாட்டி, நிமிடத்துக்கு 96 அடி வேகத்தில், தாளம் காட்டும் "டிக் டிக்" ஒலியான கிளிக்கை ஓடவிட்டோம். இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார். "தம்பி, இந்த டிக்கு டிக்குக்கு அடிச்சா கை ஓடும், அடி பேசாது. நீங்க பாடுங்க, நான் பின்னாலயே வரேன்" என்றார்.

அவர் சொன்னதே சரி. அம்மனை வரவழைக்கும் அடி ஒரே வேகத்தில் நிற்பதில்லை; அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போகும். ஆகவே கிளிக்கை நிறுத்திவிட்டு, அவரையும் பாடகியையும் நேருக்கு நேர் உட்கார வைத்து ஒரே மூச்சில் பதிந்தோம். பிறகு கிடாரையும் கீபோர்டையும் சேர்க்க வேண்டுமானால் ஒரு தாளக் கட்டம் தேவை. ரீப்பரில் ஓர் ஆவர்த்தனத்தின் நீளத்தைத் தேர்ந்தெடுத்து, "இதுவே ஓர் அளவு" என்று சொன்னால், அதிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டு அந்த இடத்தில் ஒரு குறி வைத்துவிடும். பாடல் முழுவதையும் இப்படி ஆவர்த்தனம் ஆவர்த்தனமாகக் குறித்துக்கொண்டு போனோம். தொடக்கத்தில் 92 ஆக இருந்த வேகம் முடிவில் 118ஐத் தொட்டிருந்தது என்பது அப்போதுதான் எண்ணாகத் தெரிந்தது. கலைஞர் கட்டத்துக்கு வளையவில்லை. கட்டம் கலைஞருக்கு வளைந்தது. கீபோர்டுக்காரர் அந்த வளைந்த கட்டத்தின் மேல் வாசித்தபோது, ஐந்து பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்தது போன்ற நெருக்கம் கிடைத்தது.

இதில் நாங்கள் ஒரு தவறும் செய்தோம். பதிந்த ஒலித் துண்டுகளின் காலக் கணக்கைத் தாளத்தோடு கட்டிவைத்துவிட்டு வேகக் குறிகளை நுழைத்ததால், ஒவ்வொரு குறிக்கும் பம்பையின் பதிவே இடம் நகர்ந்து, ஒரு மாலை வேலை முழுவதும் வீணாயிற்று. குறிகளை வைப்பதற்கு முன் அந்த அமைப்பை "நேரம்" என்று மாற்றிக்கொள்ள வேண்டும். கிளிக் இல்லாமல் பதிகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது.

பம்பைக்கு ஷூர் எஸ்எம்57 மைக்குகள் இரண்டை, இருபுறமும் ஒரு சாண் தள்ளி வைத்தோம். மூன்றாவதாக, மெல்லிய ஒலியையும் பிடிக்கும் ஒரு கண்டென்ஸர் மைக்கை ஒன்றரை மீட்டர் தொலைவில், ஆளின் தலைக்கு மேல் உயர்த்தினோம். தனித்தனியாகக் கேட்டால் மூன்றும் நன்றாக இருந்தன. சேர்த்துக் கேட்டால் மரப் பம்பையின் கனமே காணாமல் போயிற்று. ஒரு தோல் உள்ளே போகும்போது எதிர்ப்பக்கத் தோல் வெளியே தள்ளப்படுவதால், எதிரெதிரே வைத்த இரண்டு மைக்குகளின் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ரீப்பரில் ஒவ்வொரு டிராக்கிலும் அலையைத் தலைகீழாக்கும் பொத்தான் உண்டு. ஒரு பக்க மைக்கில் அதை அழுத்திய அந்தக் கணமே அடிவயிற்றில் இறங்கும் கனம் திரும்பி வந்தது. மேலேயிருந்த மைக்குக்கு ஒலி நான்கு மில்லிவினாடி பிந்தியே வரும். அதையும் முன்னால் இழுத்துச் சரிசெய்து பார்த்தோம். அடி கூர்மையாயிற்று, ஆனால் அறையில் கேட்கும் உணர்வு செத்துவிட்டது. எனவே அதைப் பழையபடியே விட்டுவிட்டோம்.

அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி, நான்கு பக்கமும் சிமென்ட் சுவர். கைதட்டினால் சுவருக்குச் சுவர் துள்ளும். இலவம்பஞ்சு மெத்தைகள் நான்கைச் சுவரோரம் நிறுத்தி, துணி நிறைந்த பீரோவின் கதவைத் திறந்து வைத்ததும் அந்தத் துள்ளல் பெருமளவு அடங்கியது. ஆனால் அடித்தொனிகள் மெத்தைக்கு அடங்குவதில்லை. பத்தடி இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸை ஒட்டிய தொனி வீங்கி எழும். பேஸ் கிடாரின் மூன்றாம் தந்தியைத் திறந்து மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். அந்த ஒரு சுரம் மட்டும் அறையை அதிரவைக்க, நாங்கள் அதைப் பதிவின் குறை என்று எண்ணி, தொனிகளைக் கூட்டிக் குறைக்கும் ரீப்பரின் ரீயீக்யூவில் எட்டு டெசிபெல் வெட்டினோம். நண்பரின் காரில் போட்டுக் கேட்டபோது அந்தச் சுரம் வரும் இடமெல்லாம் பாட்டு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. குறை அறையில் இருந்ததே தவிரப் பதிவில் இல்லை. அன்றிலிருந்து அடித்தொனி பற்றிய முடிவுகளை ஹெட்ஃபோனிலும் காரிலும் கேட்ட பிறகே எடுத்தோம்.

குரல் பதிவு நடந்தது அக்கினி நட்சத்திரத்தின் நடுவில். மின்விசிறி சுற்றினால் கண்டென்ஸர் மைக் அதை அப்படியே விழுங்கும். நிறுத்தினால் பாடகியின் தொண்டை பத்து நிமிடத்தில் உலரும். நெடுஞ்சாலை லாரிகள் ஓய்ந்த பிறகு, இரவு பதினொன்றுக்கு மேல், விசிறியை நிறுத்திப் பதினைந்து நிமிடம் பாடுவதும் பிறகு பத்து நிமிடம் ஓய்வதுமாகப் பதிந்தோம். இன்வெர்ட்டரில் ஓடும்போது வந்த உறுமல், சார்ஜரைப் பிடுங்கி லேப்டாப்பை அதன் பேட்டரியில் ஓட்டியதும் நின்றது. ஒரு பாடலுக்கு, திரும்பத் திரும்பப் பாடிப் பதிந்த டேக்குகள் ஏழெட்டு சேர்ந்தன. ஏழாம் பதிப்பில் வந்திருக்கும் அடுக்கு வரிசைகளில் அவற்றை ஒன்றின்கீழ் ஒன்றாக விரித்து, ஒவ்வொரு பாடல் வரியிலும் நன்றாக அமைந்த டேக்கின் மேல் சுட்டியை இழுத்தாலே போதும், ஒரே குரலாகக் கோத்துவிடலாம். அதிலேயே எங்களுக்கு நாள்கணக்கில் நேரம் மிஞ்சியது.

ரீப்பருடன் வரும் பிளகின்கள், அதாவது ஒலியைத் திருத்தும் துணைக் கருவிகள், பார்வைக்கு எளியவை; திறமையில் குறைந்தவை அல்ல. குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி லாரிகளின் மிச்ச உறுமலை நீக்க ரீயீக்யூவும், மெல்லிய இடங்களையும் உரத்த இடங்களையும் நெருக்கிப் பிடிக்க ரீகாம்ப்பும் போதுமானதாக இருந்தன. பின்னணி இரைச்சலைக் கழிக்கும் ரீஃபிர் மட்டும் கவனமாகக் கையாள வேண்டியது. கொஞ்சம் மிகுந்தாலும் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். விலை கொடுத்து வாங்கிய பிளகின் எதுவும் இந்த ஆல்பத்தில் இல்லை.

குறைகளும் உண்டு. மிக எளிய ஒன்றிரண்டைத் தவிர, தயாராக வரும் டிரம் ஒலிகள், சிந்தசைஸர் தொகுப்புகள் என்று சொல்லும்படி இதில் இல்லை. கருவிகளை வாசிக்காமல் கணினியிலேயே இசை கட்ட நினைப்பவர் இதைத் திறந்ததும் வெறுந்திரையையே பார்ப்பார். அவருக்கு வேறு மென்பொருள்களே ஏற்றவை. மெனுக்கள் ஆழமானவை; தேடுவது எங்கே இருக்கிறது என்று தெரிவதற்கே முதல் மாதம் போய்விடும். பயிற்சிக் காணொளிகள் இலவசமாகவும் தெளிவாகவும் கிடைக்கின்றன, ஆனால் ஆங்கிலத்தில். எங்களில் இருவர் அவற்றைப் பார்த்து மற்றவர்களுக்குத் தமிழில் குறிப்பெழுதிக் கொடுத்தோம்.

கடைசிப் படியில், கோப்பாக வெளியேற்றும் சாளரத்திலேயே சராசரி உரப்பை அளந்து, வேண்டிய அளவுக்குக் கொண்டுவரும் வசதி இருக்கிறது. ஸ்பாட்டிஃபை தானாகவே மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்துவதால், அதற்கு மேல் நெருக்கி உரப்பைக் கூட்டுவதில் பயனில்லை என்று முடிவு செய்து, உச்சத்தை மைனஸ் 1 டெசிபெல்லில் நிறுத்தினோம். வேகம் ஏறிக்கொண்டே போகும் அந்தப் பம்பைப் பாடல் மற்றவற்றைவிடச் சற்றே மெல்லத் தொடங்குகிறது. அதை உயர்த்தச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள்; உயர்த்தினால் கடைசி அடுக்கு ஏறுவதற்கு இடமிருக்காது என்பதால் அப்படியே விட்டிருக்கிறோம்.